வனவிலங்குத் தொல்லையைக் கையாளும் குழுவுக்குத் தலைமை ஏற்பவருக்கு: சிங்கப்பூருக்கான ஒரு வழிகாட்டி

காட்டை ஒட்டிய வீட்டின் சமையலறைக்குள் குரங்கு நுழைந்துவிட்டது என்றோ, ஆசையாக வளர்த்த கோய் மீன்களை நீர்நாய்கள் ஒரே இரவில் தின்று தீர்த்துவிட்டன என்றோ புகார் தருபவர் பெரும்பாலும் ஒன்றைத்தான் கேட்பார்: அந்த விலங்கை இங்கிருந்து அகற்றுங்கள். அவருடைய கோரிக்கை நியாயமானதாகவே இருக்கலாம். ஆனால் அதை நிறைவேற்றுவதா, நிறைவேற்றினால் அடுத்த மாதம் அதே வாசலில் வேறொரு விலங்கு வந்து நிற்குமா என்று தீர்மானிக்கும் பொறுப்பு மேற்பார்வை உயிரியலாளருடையது. களப்பணியில் சில ஆண்டுகள் இருந்துவிட்டு, இப்போது ஒரு குழுவை நடத்தும் இடத்துக்கு வந்திருப்பவர்களுக்காகவும், அந்த இடத்துக்கு வர விரும்பும் இளையர்களுக்காகவும் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். இதில் உள்ள எல்லாப் படிகளுக்கும் அடியில் ஒரே கேள்விதான் இருக்கிறது: இந்த இடத்தில் இந்த விலங்குக்கு என்ன கிடைக்கிறது? விடை தெரியாமல் எடுக்கும் எந்த நடவடிக்கையும் நீடிக்காது என்பது என் உறுதியான கருத்து.

பதவியையும் அதன் எல்லையையும் அறிதல்

மேற்பார்வை வனவிலங்கு உயிரியலாளர் என்ற பதவி அமெரிக்காவில் நன்கு வேரூன்றியது. அங்கே வேளாண் துறையின் கீழ் இயங்கும் வனவிலங்குச் சேவைப் பிரிவு, பயிரையும் கால்நடையையும் காப்பதில் தொடங்கி விமான நிலையங்களில் பறவை மோதலைத் தடுப்பது வரை பல பணிகளைச் செய்கிறது. 2009 ஜனவரி 15 அன்று நியூயார்க்கில் கனடா வாத்துக் கூட்டம் இயந்திரங்களில் சிக்கியதால் ஒரு பயணி விமானம் ஹட்சன் ஆற்றில் இறக்கப்பட்ட பிறகு, அந்தப் பணியின் அவசியம் உலகுக்கே விளங்கியது. அங்கு விமான நிலையங்களில் செய்யப்படும் வனவிலங்கு அபாய ஆய்வு வழக்கமாக 12 மாதங்கள் நடைபெறும். ஓர் ஆண்டின் எல்லாப் பருவங்களையும் பார்க்காமல் முடிவெடுக்கக் கூடாது என்பதே அதன் காரணம். சிங்கப்பூரில் நான்கு பருவங்கள் இல்லை என்றாலும், செப்டம்பர் முதல் மார்ச் வரை வலசைப் பறவைகள் வருகின்றன, ஆண்டின் நடுவில் டுரியானும் ரம்புத்தானும் பழுக்கின்றன, இனப்பெருக்கக் காலங்கள் வந்து போகின்றன. ஆகவே அந்தப் பாடம் நமக்கும் பொருந்தும்.

நம்முடைய சூழல் வேறு. சுமார் 735 சதுர கிலோமீட்டர் பரப்பில் ஏறத்தாழ 60 லட்சம் பேர் வாழும் இத்தீவில், பண்ணை நிலத்தைவிட அடுக்குமாடி வீட்டின் கீழ்த்தளமும், கொண்டோமினியம் எனப்படும் தனியார் அடுக்குமாடி வளாகத்தின் நீச்சல்குளமும், மழைநீர்க் கால்வாயும்தான் நம் களம். வனவிலங்கு தொடர்பான பொறுப்பு தேசியப் பூங்காக் கழகத்திடம் உள்ளது. 2019 ஏப்ரலில் வேளாண் உணவு, கால்நடை மருத்துவ ஆணையம் கலைக்கப்பட்டபோது, விலங்குகள் தொடர்பான பணிகள் இக்கழகத்துக்கும் உணவு தொடர்பான பணிகள் சிங்கப்பூர் உணவு அமைப்புக்கும் பிரிந்து சென்றன. கழகத்தில் மட்டுமன்றி, அதன் ஒப்பந்த நிறுவனங்களிலும், சுற்றுச்சூழல் தாக்க ஆய்வு செய்யும் ஆலோசனை நிறுவனங்களிலும், விமான நிலையத்திலும், விலங்கு மீட்புத் தொண்டு அமைப்புகளிலும் இப்பணியைச் செய்பவர்கள் இருக்கிறார்கள்.

பொறுப்பேற்ற முதல் வாரத்திலேயே, எந்த இடம் யாருடையது என்ற வரைபடம் ஒன்றைத் தயாரித்துக்கொள்ளுங்கள். வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) குடியிருப்புப் பேட்டையில் உள்ள குப்பைத் தொட்டியும் மரக்கிளையும் நகர மன்றத்தின் பொறுப்பில் வரலாம். கால்வாய் பொதுப் பயனீட்டுக் கழகத்துடையது. விரைவுச்சாலை நிலப் போக்குவரத்து ஆணையத்துடையது. கொண்டோமினியத்துக்குத் தனி நிர்வாகக் குழு உண்டு. ஒரு நீர்நாய்க் குடும்பம் ஒரே காலையில் இந்த எல்லைகள் அனைத்தையும் கடந்துவிடும். யாரை அழைப்பது என்று அப்போது தேடிக்கொண்டிருந்தால் நேரம் கைநழுவும்.

சட்டத்தைக் கையில் வைத்திருத்தல்

1965 ஆம் ஆண்டின் காட்டு விலங்குகள், பறவைகள் சட்டம் 2020 இல் திருத்தப்பட்டு, வனவிலங்குச் சட்டம் என்ற பெயருடன் அதே ஆண்டு ஜூன் 1 முதல் நடப்புக்கு வந்தது. உங்கள் அன்றாட முடிவுகள் அனைத்தும் இதன் கீழ் வருகின்றன. அனுமதியின்றி வனவிலங்குக்கு உணவளிப்பது குற்றம்; முதல் முறை 5,000 வெள்ளி வரையிலும், மீண்டும் செய்தால் 10,000 வெள்ளி வரையிலும் அபராதம் விதிக்கப்படலாம். அனுமதியின்றிக் கொல்வதும், பொறி வைப்பதும், பிடிப்பதும், வனவிலங்கை விடுவிப்பதும் குற்றங்களே. பாதுகாக்கப்பட்ட இனங்களுக்குத் தீங்கிழைத்தால் 50,000 வெள்ளி வரை அபராதமோ, ஈராண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க இடமுண்டு. தெருநாயும் பூனையும் வேறு சட்டத்தின் கீழ் வருவதால், அவை பற்றிய புகாரை உரிய பிரிவுக்கு அன்றே அனுப்பிவிடுங்கள்.

புதிதாக வரும் மேற்பார்வையாளர்கள் பலர் சட்டத்தைக் குடியிருப்பாளரை நோக்கி மட்டும் நீட்டுகிறார்கள். அது முதலில் நம் குழுவைக் கட்டுப்படுத்துகிறது. உங்கள் ஒப்பந்தப் பணியாளர் கொண்டுசெல்லும் ஒவ்வொரு கூண்டுக்கும் எழுத்துபூர்வமான அனுமதி இருக்க வேண்டும். அந்த அனுமதியில் எந்த இனம், எந்த இடம், எந்தக் காலம், எந்த முறை என்று குறிப்பிட்டிருப்பதைக் களத்துக்குச் செல்பவர் படித்திருக்க வேண்டும். குறித்த இனத்தைத் தவிர வேறொன்று சிக்கினால் என்ன செய்வது என்பதையும் முன்கூட்டியே எழுதி வையுங்கள். குரங்குக்கு வைத்த கூண்டில் உடும்பு சிக்குவது அரிதன்று.

புகாரை வாசித்தல்

புகாரை நல்ல மருத்துவர் நோயாளியிடம் கேட்பதைப்போல் கேட்க வேண்டும். என்ன நடந்தது, எந்த நேரத்தில், எத்தனை விலங்குகள், குட்டிகள் இருந்தனவா, அந்த ஆளின் கையில் என்ன இருந்தது, நாய் உடன் இருந்ததா, இதற்கு முன் எப்போது பார்த்தார் என்பன அடிப்படைக் கேள்விகள். "குரங்கு தாக்கியது" என்ற ஒரே வாக்கியத்துக்குள் பல நிகழ்வுகள் ஒளிந்திருக்கலாம்: பல்லைக் காட்டி மிரட்டியது, பிளாஸ்டிக் பையைப் பறித்தது, பையை விடாததால் கையைக் கீறியது, எந்தத் தூண்டுதலும் இல்லாமல் ஓடி வந்து கடித்தது. இந்த நான்கையும் ஒரே பெட்டியில் போட்டுவிட்டால், ஆண்டிறுதியில் உங்கள் கையில் இருக்கும் எண்ணிக்கைக்கு எந்தப் பொருளும் இராது.

புகார்களின் எண்ணிக்கையை விலங்குகளின் எண்ணிக்கையாகக் கருதிவிடாதீர்கள். ஒரே வீட்டிலிருந்து பத்து மின்னஞ்சல்கள் வரலாம். ஒரே மலைப்பாம்பின் படத்தை ஐந்து பேர் அனுப்பலாம். ஒவ்வொரு புகாரையும் வரைபடத்தில் இடம், நேரத்துடன் குறித்தால் ஒரு வடிவம் தெரியத் தொடங்கும். காலை ஏழு மணிக்கும் மாலை ஐந்து மணிக்கும் ஒரே புளோக்கைச் சுற்றிப் புள்ளிகள் குவிந்திருந்தால், அந்த நேரத்தில் அங்கே யாரோ உணவு வைக்கிறார் என்றோ, குப்பை வெளியே எடுத்து வைக்கப்படுகிறது என்றோ ஊகித்து, அதே நேரத்தில் ஒருவரை அனுப்பிப் பார்க்கச் சொல்லலாம். இனத்தைப் படத்தின் மூலம் உறுதி செய்வதும் முக்கியம். நீரில் நீந்தும் உடும்பையோ நீர்நாயையோ முதலை என்று சொல்லி அழைப்பவர்கள் உண்டு. சுங்கை பூலோ ஈரநிலக் காப்பகத்தில் உண்மையான முதலைகளும் இருப்பதால், அந்த அழைப்பை அலட்சியம் செய்யவும் முடியாது.

அவசரத்தைத் தரம் பிரிக்கும் அதிகாரத்தை உங்கள் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். மனிதருக்குக் காயம், காயம்பட்ட விலங்கு, வீட்டுக்குள் சிக்கிய விலங்கு, சாலையில் திரியும் பெரிய விலங்கு ஆகியவை உடனடிக் கவனத்துக்குரியவை. சத்தம், எச்சம், பழம் தின்பது போன்றவை முறையான ஆய்வுக்குக் காத்திருக்கலாம். சத்தமாகப் புகார் செய்பவர் முதலில் கவனிக்கப்படுவார் என்ற நிலை வந்துவிட்டால், குழுவின் நாளை வேறு யாரோ நடத்தத் தொடங்கிவிடுவார்கள்.

களத்தில் பார்க்க வேண்டியவை

குரங்கை எடுத்துக்கொள்வோம், ஏனெனில் இத்தீவில் மிகுந்த உழைப்பைக் கேட்பது அதுதான். புக்கிட் தீமா, மெக்ரிட்சி, லோவர் பியர்ஸ் போன்ற காட்டு விளிம்புகளில் வாழும் நீண்டவால் குரங்குகளில், பெண் குரங்குகள் பிறந்த கூட்டத்திலேயே தங்கிவிடும். ஆண் குரங்குகள் வளர்ந்ததும் வெளியேறி வேறு கூட்டம் தேடும். காட்டிலிருந்து வெகுதூரம் தள்ளி, வீவக பேட்டையின் நடுவே தனியாக வந்து நிற்கும் குரங்கு பல வேளைகளில் இப்படி அலையும் ஆணாகவே இருக்கும். அதற்கு உணவு கிடைக்காவிட்டால் கடந்து சென்றுவிடும், கிடைத்தால் தங்கிவிடும். கூட்டமாக வரும் குரங்குகளைப் பற்றிய அணுகுமுறை வேறு. அங்கே தாய்க்குரங்கு கற்றதைக் குட்டி கற்கிறது. பிளாஸ்டிக் பை என்றால் உணவு என்ற அறிவு ஒரு தலைமுறையிலிருந்து அடுத்த தலைமுறைக்குப் போகிறது.

ஆகவே உங்கள் பணியாளர் களத்துக்குப் போனதும் குரங்கைப் பார்ப்பதற்கு முன் இடத்தைப் பார்க்க வேண்டும். குப்பைத் தொட்டியின் மூடி பூட்டப்படுகிறதா, அல்லது நிரம்பி வழிந்து திறந்தே கிடக்கிறதா? எந்த மரத்தில் பழம் இருக்கிறது, அதன் கிளை எந்தச் சன்னலைத் தொடுகிறது? சன்னலில் இருந்து பார்த்தால் சாப்பாட்டு மேசையில் வாழைப்பழம் தெரிகிறதா? சாலையோரம் காரை நிறுத்தி ரொட்டி வீசுபவர்கள் இருக்கிறார்களா? சீன நாட்காட்டியின் ஏழாம் மாதத்தில் சாலையோரப் படையல் எங்கே வைக்கப்படுகிறது? இவற்றைக் கேட்பதற்கு மிகச் சிறந்த ஆள் அங்கே அன்றாடம் துப்புரவு செய்யும் ஊழியர். தமிழ் பேசும் மேற்பார்வையாளருக்கு இங்கே ஒரு நல்வாய்ப்பு இருக்கிறது. பேட்டையைக் கூட்டும் தமிழகத்து ஊழியரிடம் "அண்ணே, காலையில எந்தப் பக்கமா வருது, எதைத் தூக்கிட்டுப் போகுது?" என்று இரண்டு நிமிடம் பேசினால், தானியங்கிக் கேமரா இரண்டு வாரத்தில் காட்டுவதில் பெரும்பகுதியை அவர் அங்கேயே சொல்லிவிடுவார். அவர் சொன்னதைக் கேமராவால் உறுதி செய்துகொள்ளுங்கள், இரண்டும் தேவை.

காட்டுப்பன்றிக்கு இதே முறைதான், ஆனால் வேகம் வேறு. ஏறத்தாழ நான்கு மாதச் சினைக்காலம், ஒரே ஈற்றில் பல குட்டிகள், வேட்டையாடப் புலி இல்லாத தீவு என்ற மூன்றும் சேர்ந்தால் எண்ணிக்கை விரைவில் பெருகும். இங்கே கடைசிப் புலி 1930களில் சுடப்பட்டுவிட்டது. பழைய தோட்டங்களின் எச்சமாக நிற்கும் எண்ணெய்ப் பனைகளின் பழங்கள் காட்டுப்பன்றிகளுக்குப் பிடித்த உணவு. அந்தப் பனைகளை அகற்றுவது கூண்டு வைப்பதைவிட நீடித்த பலன் தருவதுண்டு. 2021 பிப்ரவரியில் பொங்கோலில் காட்டுப்பன்றி தாக்கி இரு பெண்கள் காயமடைந்தனர். குட்டிகளுடன் இருக்கும் தாய்ப்பன்றியையும், ஓட வழியின்றி வேலிக்கும் கட்டடத்துக்கும் இடையில் மாட்டிக்கொண்ட பன்றியையும் ஒருபோதும் இருவர் மட்டும் அணுக அனுமதிக்காதீர்கள்.

நீர்நாய்கள் வந்தால் நீங்கள் ஒரே நேரத்தில் இரு கூட்டங்களுக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும்: மீனை இழந்தவர்களுக்கும், அந்தக் குடும்பங்களைப் பெயர் சொல்லிப் பின்தொடரும் அன்பர்களுக்கும். 1998 இல் சுங்கை பூலோவுக்குத் திரும்பி வந்த இவை, கால்வாய்கள் தூய்மையடைந்ததால் இன்று நகரின் நடுவிலும் வாழ்கின்றன. குளத்தின் மீது வலை, வாயிற்கதவின் அடியில் இடைவெளி இல்லாத தடுப்பு, வடிகால் வாயில் கம்பிவலை ஆகியவையே பெரும்பாலான புகார்களைத் தீர்த்துவிடும். 2021 நவம்பரில் தாவரவியல் பூங்காவில் விடியற்காலையில் நடந்து சென்ற ஒருவரை நீர்நாய்கள் கடித்த நிகழ்வு, குட்டிகளுடன் இருக்கும் கூட்டத்தின் நடுவே யாரும் புகாதவாறு பாதையைச் சிறிது நேரம் மூடுவதன் பயனை உணர்த்துகிறது.

காகமும் குயிலும் ஒரே கோப்பில் இருக்க வேண்டியவை. குயில் காகத்தின் கூட்டில் முட்டையிடும் என்பது நாம் சிறுவயதிலேயே அறிந்தது. ஊரில் கவிதைக்குரிய அந்தக் குரல், இங்கே அதிகாலை நாலு மணிக்குப் பதினோராம் மாடிச் சன்னலருகே ஒலிக்கும்போது புகாராகிறது. தூக்கம் கெட்டவரின் துன்பம் உண்மையானது, அதை மதித்தே பேச வேண்டும். காகக் கூடுகள் குறைந்தால் குயிலுக்கு முட்டையிட இடம் குறையும்; குயில் விரும்பும் பனைவகைகளின் பழக்குலைகளைக் காயிலேயே வெட்டினால் அது அங்கே தங்குவதும் குறையும். 2023 தொடக்கத்தில் பீஷானில் வழிப்போக்கர்களைக் காகங்கள் தாக்கியதுபோல் நடக்கும்போது, முதலில் மேலே பார்க்க வேண்டும். பறக்கப் பழகும் குஞ்சு அருகில் இருந்தால் காகம் மனிதரை விரட்டும்.

மரநாய், பழந்தின்னி வௌவால், மலைப்பாம்பு ஆகியவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கூரைக்குள் தங்கும் மரநாய்க்குத் துளையை அடைப்பதே தீர்வு, ஆனால் உள்ளே குட்டி இல்லை என்று உறுதி செய்த பிறகே அடைக்க வேண்டும். கார் நிறுத்துமிடத்தின் கூரையில் தொங்கி எச்சமிடும் வௌவாலுக்கு விளக்கும், பழுத்த பழங்களை அகற்றுவதும் உதவும். கால்வாயில் கிடக்கும் மலைப்பாம்பு பெரும்பாலும் எலி தேடி வந்தது. அது யாரையும் தொந்தரவு செய்யாமல் கால்வாயிலேயே இருந்தால் விட்டுவிடலாம், எலி ஏன் இருக்கிறது என்பதை மட்டும் தேசிய சுற்றுப்புற வாரியத்திடமோ நகர மன்றத்திடமோ கேளுங்கள்.

தீர்வுகளை வரிசைப்படுத்துதல்

முதலில் உணவை நிறுத்துங்கள். அடுத்து வழியை அடையுங்கள். மூன்றாவதாக விலங்கின் நடத்தையை மாற்ற முயலுங்கள்; குரங்குக் கூட்டத்தைத் தடியால் தரையைத் தட்டியும் ஓசை எழுப்பியும், அடிக்காமல், காட்டு விளிம்புக்குத் திருப்பி அனுப்பும் காவல் முறை இதற்கு எடுத்துக்காட்டு. அது ஒரு நாள் வேலை இல்லை. ஒவ்வொரு முறையும் அதே எல்லையில், அதே முறையில் செய்தால்தான் கூட்டம் அந்த எல்லையைக் கற்றுக்கொள்ளும். கருத்தடை நான்காவது. அதன் பலன் ஆண்டுக்கணக்கில்தான் தெரியும் என்பதை முன்பே எல்லாருக்கும் சொல்லிவிடுங்கள். பிடித்து அகற்றுவது இவற்றுக்குப் பிறகே வர வேண்டும், மனித உயிருக்கு உடனடி அபாயம் இருந்தாலொழிய.

இந்த வரிசைக்குக் காரணம் இரக்கம் மட்டுமன்று. உணவு அப்படியே இருக்க, கூட்டத்தின் தலைவனை அகற்றினால், சில வாரங்களில் வேறொரு ஆண் அந்த இடத்துக்கு வரும்; இடைப்பட்ட நாட்களில் கூட்டத்துக்குள் சண்டை கூடவும் வாய்ப்புண்டு. பிடித்த விலங்கை வேறிடத்தில் விடுவதும் எளிதான வழியன்று. இத்தீவில் காடு என்று சொல்லத்தக்க இடங்கள் சில மட்டுமே. அவற்றில் ஏற்கெனவே வேறு கூட்டங்கள் வாழ்கின்றன. புதிதாக விடப்பட்டது அங்கே துரத்தப்பட்டு, இன்னொரு பேட்டையின் விளிம்புக்கு வந்து நிற்கும். அப்போது நீங்கள் ஒரு புகாரைத் தீர்க்கவில்லை, வேறோர் அஞ்சல் குறியீட்டுக்கு அனுப்பியிருக்கிறீர்கள்.

இடத்தின் அமைப்பையே மாற்றும் தீர்வுகளையும் மறக்க வேண்டாம். 1980களில் புக்கிட் தீமா விரைவுச்சாலை காட்டை இரண்டாகப் பிரித்தது. அதன் குறுக்கே 62 மீட்டர் நீளமுள்ள பசுமைப் பாலம் 2013 இல் கட்டி முடிக்கப்பட்டது. மண்டாய் லேக் சாலையின் மேலும் 2019 இறுதியில் விலங்குப் பாலம் ஒன்று திறக்கப்பட்டது. கட்டுமானத் திட்டம் வரைபடமாக இருக்கும்போதே, மரம் வெட்டும் திசை, வேலி அமைக்கும் வரிசை, விலங்குகள் காட்டை நோக்கி நகர விடப்படும் கால அளவு ஆகியவற்றை நீங்கள் பேசிவிட்டால், பிறகு வரக்கூடிய பல புகார்கள் பிறக்கவே பிறக்கா. என் பார்வையில், மேற்பார்வையாளரின் நேரத்துக்கு இதைவிடப் பயனுள்ள செலவு கிடையாது.

பிடிப்பதும் உயிர் போக்குவதும்

சில வேளைகளில் ஒரு விலங்கை அகற்றித்தான் ஆக வேண்டும். தூண்டுதலின்றி மீண்டும் மீண்டும் மனிதரைக் கடிக்கும் தனி விலங்கு அடையாளம் காணப்பட்டால், அந்த முடிவைத் தள்ளிப்போடுவது பொறுப்பாகாது. அடையாளம் காணப்பட்டது என்பதில்தான் கவனம் வேண்டும்: காதில் வெட்டு, வாலின் நீளம், பாலினம், நடமாடும் நேரம் எல்லாம் படத்துடன் கோப்பில் இருக்க வேண்டும். கூண்டு நிழலில் இருக்க வேண்டும், தண்ணீர் வேண்டும், கண்காணிப்பு இடைவிடாமல் இருக்க வேண்டும். மயக்க ஊசி கால்நடை மருத்துவரின் பொறுப்பில் நடக்க வேண்டும். குட்டி ஈன்ற தாய் சிக்கினால் குட்டி எங்கே என்று தேடாமல் அந்த இடத்தை விட்டு நகரக் கூடாது.

2017 இல் சின் மிங் வட்டாரத்தில், சத்தம் பற்றி வந்த 20 புகார்களை அடுத்து 24 கோழிகள் கொல்லப்பட்டதும், அதனால் எழுந்த பொதுமக்கள் எதிர்ப்பும் இத்துறையில் இருப்பவர்கள் அறிந்தவை. ஒரு முடிவு அறிவியல்படி சரியாகவே இருந்தாலும், அதற்கு முன் என்னென்ன முயன்றீர்கள், ஏன் அவை போதவில்லை என்பதை வெளிப்படையாகச் சொல்ல முடியாவிட்டால் மக்களின் நம்பிக்கை போய்விடும். உயிர் போக்கும் முடிவை எடுத்த அன்று, அதைச் செய்த பணியாளருடன் தனியாக உட்கார்ந்து பேசுங்கள். விலங்குகள்மீது அன்பு கொண்டுதான் அவர்கள் இந்த வேலைக்கு வந்தார்கள்.

குழுவின் பாதுகாப்பு

ஒவ்வொரு வகைப் பணிக்கும் எழுதப்பட்ட அபாய மதிப்பீடு இருக்க வேண்டும். அதைப் பணியாளர்களின் மொழியில் விளக்க வேண்டும். ஒப்பந்தப் பணியாளர் தமிழ் அறிந்தவராக இருந்தால், ஆங்கிலத் தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பிவிடாமல், தமிழிலேயே சொல்லி, அவரையே திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். மண்டாய், லிம் சூ காங் பக்கத்துக் கட்டுமானத் தளங்களில் பாம்பு வரும்போது முதலில் அதை எதிர்கொள்பவர்கள் வெளிநாட்டு ஊழியர்களே. அவர்களுக்கான பத்து நிமிட விளக்கம் இரு தரப்பு உயிர்களையும் காக்கும்.

நஞ்சைத் துப்பும் நாகம் இங்கே உண்டு என்பதால் பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் யாரும் பாம்பை அணுகக் கூடாது. பாம்பு கடித்தால் வெட்டுவதும் உறிஞ்சுவதும் கூடாது. கடிபட்ட உறுப்பை அசையாமல் வைத்து அவசர மருத்துவ உதவி எண்ணான 995 ஐ அழைக்க வேண்டும். குரங்கு கடித்தாலோ கீறினாலோ காயத்தை உடனே சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, அன்றே மருத்துவரிடம் செல்ல வேண்டும். இக்குரங்குகள் தாங்கக்கூடிய ஹெர்பிஸ் பி கிருமி மனிதருக்குத் தொற்றுவது மிக அரிது என்றாலும், தொற்றினால் கொடியது. சிங்கப்பூரில் 1953 முதல் வெறிநாய்க்கடி நோய் இல்லை. ஆனால் 1999 மார்ச்சில் இறைச்சிக் கூட ஊழியர்கள் 11 பேருக்கு நிப்பா கிருமி தொற்றி ஒருவர் இறந்ததும், 2023 பிப்ரவரியில் இறந்துகிடந்த காட்டுப்பன்றியில் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் கண்டறியப்பட்டதும், நாம் தொடும் ஒவ்வொரு உடலையும் கையுறையுடன் தொட வேண்டும் என்பதை நினைவூட்டுகின்றன. ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் மனிதருக்குத் தொற்றாது. ஆனால் நம் காலணியில் ஒட்டிய மண் அதை அடுத்த இடத்துக்குக் கொண்டுசெல்லும்.

குடியிருப்பாளர்களுடன் பேசுதல்

உணவளிப்பவர்களைக் குற்றவாளிகளாகப் பார்த்துப் பேச்சைத் தொடங்காதீர்கள். அவர்களில் பலர் தனிமையில் வாழும் முதியவர்கள். காலையில் புறாவுக்கு ரொட்டி போடுவது அவர்களின் நாளில் நடக்கும் நல்ல நிகழ்வாக இருக்கக்கூடும். நம் சமூகத்தில் இதற்கு இன்னோர் ஆழமும் உண்டு. அமாவாசையன்றும் திதியன்றும் காகத்துக்குச் சோறு வைத்த பிறகே சாப்பிடும் வழக்கம் பல வீடுகளில் இன்றும் உயிருடன் இருக்கிறது. கீழ்த்தளப் புல்வெளியில் இலைபோட்டுச் சோறு வைக்கும் அம்மாவிடம் சீருடையுடன் போய் அபராதத் தொகையைச் சொல்வது சட்டப்படி சரியாக இருக்கலாம். ஆனால் அவர் அடுத்த அமாவாசைக்கு வேறு புளோக்கின் பின்புறம் போய் வைப்பார்.

இப்படிப்பட்ட இடத்துக்குத் தமிழ் பேசுபவரை அனுப்புங்கள், அல்லது நீங்களே போங்கள். "அம்மா, உங்க பெரியவங்களுக்குச் செய்யறதை விடச் சொல்லி நான் வரலை. இங்க வைக்கிற சோத்துக்குக் காக்கா மட்டும் வரலை, எலியும் வருது. கூடு கட்டின காக்கா கீழ நடக்கிற பிள்ளைங்களைக் கொத்துது. சட்டமும் இதுக்கு இடம் குடுக்கலை" என்று அமைதியாகச் சொல்லி, படையலை வீட்டுக்குள்ளேயே வைத்து வணங்குவதுபற்றி அவருடைய குடும்பத்தாருடனோ கோயில் குருக்களுடனோ பேசிப் பார்க்கச் சொல்லலாம். காட்டோரம் குரங்குக்கு வாழைப்பழம் கொடுப்பதை அனுமனுக்குச் செய்யும் தொண்டாக எண்ணுபவர்களிடமும் இதே பொறுமை வேண்டும்: அந்தப் பழத்தால் குரங்கு சாலைக்கு வருகிறது, சாலையில் வண்டியில் அடிபடுகிறது என்பதே அவர்கள் மனத்தைத் தொடும் உண்மை. இரண்டு முறை பேசியும் தொடர்பவர்மீது நடவடிக்கைக்குப் பரிந்துரைக்கத் தயங்க வேண்டாம். பேச்சு வார்த்தைக்குப் பின்னால் சட்டம் இருக்கிறது என்பது எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

கூட்டங்களில் பேசும்போது செய்ய முடியாததை உறுதியளிக்காதீர்கள். "இனி குரங்கே வராது" என்று சொல்லும் மேற்பார்வையாளர், முதல் குரங்கு வந்த அன்றே நம்பிக்கையை இழக்கிறார். "தொட்டிகளை மாற்றி, கிளைகளை வெட்டி, மூன்று மாதத்துக்குப் பிறகு மீண்டும் எண்ணிப் பார்த்து உங்களிடம் வந்து சொல்வோம்" என்பது காப்பாற்றக்கூடிய வாக்கு. குரங்கைக் கண்டால் கண்ணுக்குக் கண் பார்க்காமல், ஓடாமல், பையை மறைத்துக்கொண்டு மெதுவாகப் பின்வாங்க வேண்டும் என்பதை எல்லாக் கூட்டத்திலும் நடித்தே காட்டுங்கள். அவசரத்துக்கு அழைக்க வேண்டிய விலங்கு உதவி மையத்தின் எண்ணான 1800-476-1600 மின்தூக்கி அருகே ஒட்டப்பட்டிருப்பதை உறுதி செய்யுங்கள்.

இத்துறைக்கு வர விரும்புபவர்களுக்கு

உயிரியல், சுற்றுச்சூழல் அறிவியல், கால்நடை மருத்துவம் ஆகியவற்றில் பட்டம் வழக்கமான வாசல். தெமாசெக் பலதுறைத் தொழிற்கல்லூரியின் கால்நடைத் தொழில்நுட்பப் பட்டயமும், ரிபப்ளிக் பலதுறைத் தொழிற்கல்லூரியின் சுற்றுச்சூழல், கடல்சார் அறிவியல் பட்டயமும் களப்பணிக்கு நல்ல தொடக்கம் தருகின்றன. வாகன உரிமம், தெளிவாக அறிக்கை எழுதும் திறன், இரவுப் பணிக்கான உடல்நலம் ஆகியவை இல்லாமல் முடியாது. படிக்கும்போதே தேசியப் பூங்காக் கழகத்தின் சமூக உயிரினக் கணக்கெடுப்பிலோ, 2001 இல் தொடங்கப்பட்ட ஏக்கர்ஸ் விலங்கு மீட்பு அமைப்பிலோ தொண்டூழியம் செய்யுங்கள். தேர்வுக் குழுவில் உட்காரும்போது நான் விலங்கின் மீதுள்ள ஆர்வத்தைவிட, கோபமாக இருக்கும் மனிதரிடம் நிதானமாகப் பேசிய அனுபவத்தையே முதலில் தேடுவேன்.

கோப்பை முடிக்கும் முறை

விலங்கு அகற்றப்பட்ட நாளில் கோப்பை மூடிவிடாதீர்கள். ஒரு மாதம், மூன்று மாதம், ஆறு மாதம் கழித்து அதே இடத்துக்கு, முன்பு புகார் வந்த அதே நேரத்தில் ஒருவரை அனுப்புங்கள். அவர் எழுதிவர வேண்டியவை: தொட்டி மூடி இன்னும் பூட்டப்படுகிறதா, வெட்டிய கிளை மீண்டும் வளர்ந்து சன்னலைத் தொட்டதா, உணவு வைத்த இடத்தில் புதிய தடம் உண்டா, எத்தனை விலங்குகள் எவ்வளவு நேரம் தங்கின, துப்புரவு ஊழியர் மாறியிருந்தால் புதியவருக்கு விளக்கம் தரப்பட்டதா. முதலில் புகார் தந்தவரை அழைத்து, அவருடைய வார்த்தைகளிலேயே இப்போதைய நிலையைக் கேட்டு அதையும் சேருங்கள். சாலையில் அடிபட்டு இறந்த விலங்கு கிடைத்தால் இடத்தையும் நேரத்தையும் பதிவு செய்து, லீ கொங் சியான் இயற்கை வரலாற்று அரும்பொருளகம் போன்ற ஆய்வு நிலையத்துக்குத் தேவையா என்று கேட்ட பிறகே உடலை அப்புறப்படுத்துங்கள். ஆறு மாதக் குறிப்பில் உணவும் வழியும் மூடப்பட்டே இருக்கின்றன என்று வந்தால் கையெழுத்திட்டு மூடலாம். ஏதாவது ஒன்று திறந்திருந்தால், புகார் வராவிட்டாலும் அந்த இடத்துக்குரிய நகர மன்றத்துக்கோ நிர்வாகக் குழுவுக்கோ அந்த வாரத்திலேயே எழுதி, அடுத்த பார்வைக்கான தேதியைக் கோப்பின் முதல் பக்கத்தில் குறித்து வையுங்கள்.